ஐந்தாம் கேள்வியின் மணமகள்

பரீட்சை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துத் தூங்குகிறவன்தான் புத்திசாலி. பசுபதிக்கும் அதுதான் ஆசை. ஆனால் அவனுக்கு வாய்த்த கூட்டாளிகள் இரண்டு பேரும், எழுதிக் கொடுத்த தாளைக் கேள்வி கேள்வியாக அலசிப் பார்க்காவிட்டால் தொண்டையில் தண்ணீர் இறங்காத ரகம். வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் அல்லவா, செத்துப் போனதை அறுத்துப் பார்க்கிற பழக்கம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

1913ஆம் வருஷம் அது. ஒரு வாரமாக இழுத்த பரீட்சையில் உயிரியல்தான் கடைசித் தாள். நடுப்பகலில் வெளியே வந்தபோது மூவருக்கும் கண் உள்ளே போயிருந்தது. சட்டைக் காலர் வியர்வையில் நனைந்து கழுத்தை அறுத்தது. சிராங்கூன் ரோட்டில் நூருல் அமீனின் மாமா நடத்திய சாப்பாட்டுக் கடைக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள். மத்தியானக் கூட்டம் கலைந்து, ஈயும் அடுப்புச் சூடும் மட்டும் மிச்சமிருந்த நேரம். வெளியே யாரோ எருமைகளைக் கொட்டிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அவையும் களைத்துப்போய்த்தான் நடந்தன.

நூருல் அமீன் கீழக்கரைக்காரன். அவனுடைய வாப்பாவுக்கு மார்க்கெட் தெருவில் மொத்த வியாபாரம். வியாபாரி வீட்டுப் பிள்ளை என்பதால் எதையும் பேரம் பேசாமல் விடமாட்டான், பரீட்சைக் கேள்வி உட்பட. மற்றவன் தில்லையம்பலம், பசுபதியின் தாய்மாமன் மகன்; இருவருக்கும் பூர்வீகம் யாழ்ப்பாணம். மாமாவுக்கு உட்லண்ட்ஸ் ரயில் ஸ்டேஷனில் கிளார்க் வேலை. அங்கிருந்து தினமும் வந்து போக முடியாது என்று தில்லை கம்போங் காப்போரில் அறை எடுத்துத் தங்கிப் படித்தான். அன்று மாலை ரயிலில் அவன் வீட்டுக்குக் கிளம்புகிறான். காலடியில் தோல் பெட்டி தயாராக இருந்தது.

பெட்டிக்குள் பசுபதி காலையில் கொடுத்த ஒரு பொட்டலம் இருந்தது. பொட்டலத்தில் ஒரு ரவிக்கை. பசுபதியின் தங்கை யோகம், தில்லையின் தங்கை மனோரஞ்சிதத்துக்காகத் தன் கையால் தைத்தது. பசுபதிக்கும் மனோரஞ்சிதத்துக்கும் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. பரீட்சை ஒழியட்டும், நாள் வைக்கலாம் என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். இதோ, ஒழிந்துவிட்டது.

"சரி, அஞ்சாங் கேள்விக்கு என்ன எழுதுனீங்க?" என்று நூருல் அமீன் தொடங்கினான்.

பசுபதி கோப்பியை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டான். வாய் வேலையாக இருந்தால் பதில் சொல்ல வேண்டாம்.

அந்தக் கேள்வி இதுதான். நல்ல சுகமுள்ள பெற்றோருக்குப் பிறந்த, நல்ல சுகமுள்ள ஒருவன். அவனுக்குப் பிறவியிலேயே காது கேளாத ஒரு சகோதரி. அவன் திருமணம் செய்துகொள்கிறான். அவனுடைய பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்லலாம்? அவ்வளவுதான். கேட்டவர் ஒரு வெள்ளைக்காரப் பரீட்சகர். நாலு வரியில் கேட்டுவிட்டு அவர் விசிறிக்குக் கீழே போய்ச் சாய்ந்திருப்பார். பதில் எழுதுகிறவன் பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

பரம்பரை என்பதே அப்போது புதுப் பாடம். எங்கோ ஒரு மடத்தில் ஒரு பாதிரியார் பட்டாணிச் செடி வளர்த்துக் கண்ட கணக்கு, அவர் மண்ணுக்குள் போய் வெகு காலம் கழித்துக் கப்பலேறி சிங்கப்பூர் வந்திருந்தது. சொல்லிக் கொடுத்தவருக்கே அது பாதிதான் பிடிபட்டிருந்தது என்பது மாணவர்களின் அபிப்பிராயம்.

"நான் ரெண்டே வரிதான்," என்றான் நூருல் அமீன். "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தக் குறை வெளியில தெரியணும்னா வாப்பாகிட்ட இருந்து ஒரு பங்கு, உம்மாகிட்ட இருந்து ஒரு பங்கு, ரெண்டும் சேரணும். இவன்கிட்ட ஒரு பங்கு ஒளிஞ்சு கிடந்தாலும் பொண்டாட்டி வேற குடும்பம். அவகிட்ட அது இருக்காது. முடிஞ்சு போச்சு."

"பெண்சாதி வேறை குடும்பம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்றான் தில்லை. "அவன் மாமன் மகளை எல்லோ கட்டியிருப்பான்."

நூருல் அமீன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். தில்லைக்கு எதற்காகச் சிரிக்கிறான் என்றே விளங்கவில்லை. அவன் அந்தக் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தான். அந்த மனிதனின் தாயிடம் குறை ஒளிந்திருக்கிறது. அப்படியானால் தாயின் சகோதரனிடமும் இருக்கலாம். அவர் மகளிடமும் இருக்கலாம். ஆகவே மாமன் மகளுக்கும் இவனுக்கும் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஆபத்து உண்டு என்று கோடு போட்டு, வட்டம் போட்டு, வம்சம் முழுவதையும் வரைந்து வைத்துவிட்டு வந்திருந்தான். கேள்வியில் மாமனும் இல்லை, மாமன் மகளும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்தாலே போதும், மாமன் மகள் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றுவிடுவாள். அவளைக் கேள்விக்குள் யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

"டேய், பரீட்சை வெள்ளைக்காரனோடது. அவங்க ஊர்ல எவனாவது மாமா மகளுக்காகக் காத்துக்கிட்டு இருப்பானா? மாதாகோயில்ல பார்ப்பான், பிடிச்சுப்போனா கட்டிக்குவான்."

"உனக்கே மாமி மகளைத்தானே பேசி வைச்சிருக்கு?"

"அது கீழக்கரை. இது பரீட்சை."

"பிள்ளை பிறக்கிறதுக்கு ஊர் ஏது, பரீட்சை ஏது? கேள்வியிலை 'செய்துகொள்கிறான்' எண்டு கிடக்கு. ஆரை எண்டு இல்லை. அப்ப நான் எழுதினதும் சரிதான்."

இந்த இழுபறியில் அரை மணி போயிருக்கும். இருவருக்கும் களைப்பு, ஆனால் விட்டுக்கொடுக்கிற அளவுக்குக் களைப்பு இல்லை. பசுபதியைப் பார்த்து, "நீ என்ன எழுதினனி?" என்று தில்லை கேட்டான்.

"ஒரு வரி. அவன் ஆரைக் கட்டுறான் எண்டு தெரியாமல் சொல்லேலாது எண்டு."

"அவ்வளவுதானா?" என்றான் நூருல் அமீன். "அந்தக் கேள்விக்கு இருக்கிற மார்க்குக்கு ஒரு வரியா? உனக்குக் காய்ச்சல் கீச்சலா?"

காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் பசுபதி கோப்பையைத் தள்ளி வைத்தான். தெருவைப் பார்த்தான்.

தலையில் தட்டைச் சுமந்துகொண்டு கச்சாங் பூத்தே என்று வறுத்த கடலை, பட்டாணி விற்கிறவர் கடை வாசலுக்கு வந்தார். நூருல் அமீன் ஒரு கூம்புக் காகிதம் நிறைய வறுத்த பட்டாணி வாங்கி மேசைமேல் கொட்டினான். தின்பதற்கு அல்ல, நிரூபிப்பதற்கு. நல்ல பட்டாணியை ஒரு பக்கமும், வறுபடும்போது தீய்ந்து கறுத்ததை ஒரு பக்கமும் பிரித்தான்.

"இந்தா, அப்பன்கிட்ட நல்லது ஒண்ணு, தீய்ஞ்சது ஒண்ணு. ஆத்தாகிட்டயும் அப்படித்தான். பிள்ளைங்க நாலு வகை." ஜோடி ஜோடியாக அடுக்கினான். "நல்லதும் நல்லதும் ஒண்ணு. கலப்பு ரெண்டு. தீய்ஞ்சதும் தீய்ஞ்சதும் ஒண்ணு, அது அந்தச் செவிட்டுத் தங்கச்சி. நாலுல ரெண்டு கலப்பு. அதனால அவன்கிட்ட ஒளிஞ்சிருக்கிறதுக்கு வாய்ப்புப் பாதி. சரிதானே?"

"ஓம், அரைவாசி," என்று தில்லை ஒத்துக்கொண்டான். அன்று மத்தியானம் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"அரைவாசி இல்லை," என்றான் பசுபதி.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தப்பான கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனுக்கு வராது. அதுவும் இந்தக் கணக்கை அவன் ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடந்து போட்டுப் பார்த்தவன். விரலால் அந்தக் கறுத்த ஜோடியை ஒதுக்கினான்.

"அவன் செவிடன் இல்லை எண்டு கேள்வியிலையே கிடக்கு. அப்ப இந்த ஒண்டை எடுத்து வை. மிச்சம் மூண்டு. மூண்டிலை ரெண்டு கலப்பு."

"கேள்வி எல்லாப் பிள்ளைங்களையும் பத்திக் கேக்குதா, அவனை மட்டும் கேக்குதா?" என்று நூருல் அமீன் அடுத்த பேரத்துக்குத் தயாரானான். அது இன்னொரு அரை மணி. பசுபதி அதில் சேரவில்லை. ஒதுக்கிய இரண்டு பட்டாணியும் அவன் உள்ளங்கையில் இருந்தன. எறிய மனம் வரவில்லை.

புத்தகத்தில் அதற்குக் குறை என்று பெயர். படிக்கும்போதெல்லாம் பசுபதிக்கு எரிச்சலாக வரும். யோகத்துக்கு என்ன குறை? தையல் மெஷினில் கையை வைத்தால் ஊசி கோணலாகப் போவதை அதிர்விலேயே கண்டுபிடித்துவிடுவாள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுகிற தோரணையைப் பார்த்தே ஆபீசில் நடந்ததைச் சொல்லிவிடுவாள். வீட்டில் அவர்களுக்கென்று ஒரு கைப்பேச்சு இருந்தது. அதை வெளியிலிருந்து வந்து கற்றுக்கொண்டவள் மனோரஞ்சிதம் ஒருத்திதான். மூக்கின் பக்கத்தில் விரலை வைத்தால் மூக்குத்தி, மூக்குத்தி என்றால் ரஞ்சிதம். கோயில் திருவிழாவுக்குக் காத்தோங்கில் பசுபதி வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து கையாலேயே ஊர்வம்பு முழுவதும் பேசித் தீர்ப்பார்கள். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் பசுபதிக்கு அவள்மேல் ஆசை வந்தது. உரிமைப் பெண் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"இப்ப எங்கடை வீட்டையே எடு," என்று தில்லை நூருல் அமீனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "எங்கடை அப்பாவின்ரை தங்கச்சிதான் இவன்ரை அம்மா. இவன்ரை அப்பாவின்ரை தங்கச்சிதான் எங்கடை அம்மா. மாற்றுச் சம்பந்தம். ஒரே பந்தலிலை ரெண்டு தாலி. இப்பிடியான வீட்டிலை அந்தக் குறை இருந்தால் மாமன் மகளுக்கு அது ஒரு பக்கத்தாலை இல்லை, ரெண்டு பக்கத்தாலையும் வரும். உன்ரை வெள்ளைக்காரனுக்கு இது கனவிலையும் தெரியாது." கொஞ்சம் பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டான். "நல்ல காலம், யோகத்துக்குக் காது காய்ச்சலிலை போனது. இல்லாட்டி நான் இண்டைக்கு என்ரை தங்கச்சிக்கு எல்லோ கணக்குப் பார்த்திருப்பன்."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குச் சிரித்தான். அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. யோகம் பிறந்தபோது பசுபதியின் அப்பாவுக்கு வேலை சிரம்பானில். மாமா குடும்பம் அப்போது யாழ்ப்பாணத்தில். எல்லாரும் சிங்கப்பூரில் ஒன்றுசேர்ந்தபோது யோகத்துக்கு மூன்று வயது. கொடுங்காய்ச்சல் வந்து காது அடைத்துப்போயிற்று என்று அம்மா சொன்னாள். எல்லாரும் அழுதார்கள், நம்பினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அம்மா மறைத்துக் காட்டினாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாமாம், நான் ஒன்றுதானே சொன்னேன் என்பது அவள் நியாயம். வெளியிலிருந்து வருகிற பெண் யோகத்தை வீட்டில் வைத்துப் பார்ப்பாளா என்பது அவள் பயம்.

ஆனால் பசுபதிக்குத் தெரியும். காய்ச்சல் எதுவும் வரவில்லை. சிரம்பான் வீட்டில் தொட்டிலுக்கு மேலே அம்மா வெண்கலத் தட்டைத் தட்டிக்கொண்டே நின்றதையும், குழந்தை கண்ணை மூடியபடி தூங்கியதையும் அவன் கதவோரத்தில் நின்று பார்த்தவன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தில்லை ரயிலேறிப் போவான், ரவிக்கையைக் கொடுப்பான், வருகிற மாதமே நாள் வைப்பார்கள். ரஞ்சிதம் காத்தோங் வீட்டுக்கு வந்துவிடுவாள். பரீட்சைத் தாளில் எழுதிய ஒரு வரியை எந்த மாமா வந்து படிக்கப் போகிறார்? பசுபதி இதையெல்லாம் யோசித்தான். யோசித்து யோசித்து ஒரு வருஷமாகக் களைத்துப் போயிருந்தான். நாளைக்கு வேறு யாரோ ஒருவன் வந்து இதே கேள்வியைக் கேட்டால் டாக்டர் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்ன சொல்வது?

"காய்ச்சல் இல்லை," என்றான்.

தில்லைக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "என்ன?"

"யோகத்துக்குக் காய்ச்சல் வரேல்லை. பிறவியிலையே அப்பிடித்தான்."

நூருல் அமீன் ஒரு நிமிஷம் இருவரையும் பார்த்தான். பிறகு, மாமா கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிப் பக்கம் போனான். மாமா கூப்பிடவில்லை. பேரம் பேசத் தெரிந்தவனுக்கு எப்போது கடையை விட்டு இறங்குவது என்றும் தெரிந்திருந்தது.

தில்லை மேசையிலிருந்த பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆருக்குத் தெரியும்?"

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும். எனக்கு."

"ரஞ்சிதத்துக்கு?"

"தெரியாது."

தில்லை பட்டாணி ஒன்றை விரலால் உருட்டினான். பசுபதிதான் தாங்காமல் வாயைத் திறந்தான். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. கெஞ்சுகிற குரலாக இருந்தது.

"நான் போட்டுப் பார்த்தனான், மச்சான். எனக்கு மூண்டிலை ரெண்டு. அவளுக்கு அரைவாசிக்கு மேலை இராது. ரெண்டு பேரிட்டையும் இருந்தாலும் நாலு பிள்ளையிலை ஒண்டுக்குத்தான். எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டிலை ஒண்டு கூட வராது. அது என்ன பெரிய கணக்கே?"

தில்லை காலடிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அப்பிடிப் பிறந்தால்தான் என்ன? யோகம் குறைஞ்சவளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. யோகத்தை நான் ஒருநாளும் அப்பிடி நினைச்சதில்லை."

"அப்ப ஏன் உனக்கு அவளை ஒருத்தரும் கேக்கேல்லை? அவளும் உனக்கு மச்சாள்தானே?"

கேட்டதும் பசுபதிக்கே வெட்கமாகிவிட்டது. தில்லையின் முகம் சிவந்து, பிறகு மெல்ல வெளுத்தது. இந்தக் கேள்விக்கு மூன்று பக்கமும் இல்லை, ஒரு வரியும் இல்லை. அவன் எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். வெயில் இறங்கியிருந்தது. டாங்க் ரோடு ஸ்டேஷனுக்குப் போக நேரமாகிவிட்டது.

"கேள்வியிலை கலியாணம் செய்யிறான் எண்டு மட்டுந்தானே கிடக்கு," என்றான், பசுபதியைப் பார்க்காமல். "மாமன் மகள் எண்டு இல்லை. நான்தான் விசரன் மாதிரி அவளைக் கொண்டுவந்து நிப்பாட்டினனான்." நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தான். "நூருல் சொன்னதுதான் சரி. பெண்சாதி வெளியாள்."

மத்தியானம் முழுவதும் பிடித்த பிடியைத் தளர்த்தாதவன், இப்போது விட்டுக்கொடுத்தான். பசுபதிக்கு அது எந்தக் கேள்விக்கான பதில் என்று தெரிந்தது.

"நான் டாக்குத்தருக்குப் படிக்கிறன், பசுபதி. தெரியாட்டில் வேறை. தெரிஞ்சுகொண்டு தங்கச்சியை என்னெண்டு குடுக்கிறது? வீட்டிலை நான் காரணம் சொல்லமாட்டன். ஏதாவது சொல்லுறன். உன்ரை அம்மாவைத் தலைகுனிய விடமாட்டன்."

குனிந்து பெட்டியைத் திறந்தான். பொட்டலத்தை எடுத்து, பட்டாணியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மேசையின் சுத்தமான இடமாகப் பார்த்து வைத்தான். கண் கலங்கியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுப்படியில் நின்ற நூருல் அமீனிடம்கூடச் சொல்லாமல் இறங்கிப் போனான்.

பசுபதிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். தன் தங்கையைப் பெண் கேட்டு இப்படி ஒருவன் வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தான். அதற்கும் தில்லை எழுதிய விடைதான் வந்தது. நூருல் அமீன் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தான். மேசைமேல் கிடந்த பட்டாணியைக் கையால் கூட்டி எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்தான். பிறகு, "வா, டிராம் வரைக்கும் வர்றேன்," என்றான்.

கேலாங் வரை டிராம். அங்கிருந்து காத்தோங்குக்கு நடை. தென்னந்தோப்பைக் கடந்து பிள்ளையார் கோயில் பக்கம் திரும்பியபோது சாயங்காலப் பூசைக்கு மணி அடித்தார்கள். பொட்டலம் அவன் அக்குளில் இருந்தது. வழியில் எங்காவது ஒளித்து வைக்கலாமா என்று ஒருமுறை நினைத்தான். எங்கே ஒளிப்பது?

வீட்டு வாசல் படலையடியில் யோகம் நின்றிருந்தாள். அண்ணனின் நடையைப் பார்த்ததும், பரீட்சை கஷ்டமா என்று கையால் கேட்டாள். கஷ்டம்தான் என்று சொன்னான். அப்புறம்தான் அவள் கண் பொட்டலத்தின்மேல் போனது. அவள் கட்டிய நூல்கூட அவிழாமல் இருந்தது.

அவள் மூக்கின் பக்கத்தில் விரலை வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் தன் தோளையும் இடுப்பையும் தொட்டு, அளவு காட்டி, முகத்தைச் சுருக்கினாள். ரஞ்சிதம் இப்போது பெருத்துவிட்டாளா, பழைய அளவு சரிவராது என்று தில்லை சொன்னானா?

பசுபதி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

அதற்கென்ன என்பதுபோல் அவள் கையை வீசினாள். பொட்டலத்தை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு போய், விளக்கை ஏற்றி, ஜன்னலோரம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவன் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவதற்குள் கத்தரிக்கோலை எடுத்து, ரவிக்கையின் தையலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.